ஒரு திருத்தப் பதிவு

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. ஆடிட் முடிஞ்சா டார்கெட், டார்கெட் முடிஞ்சா இன்ஸ்பெக்‌ஷன்னு ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்த இடைவெளியில நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம், ஒரு இசைத்தட்டைக் கழுவினது. ஒரே ஒரு தட்டு. அதுக்கு அஞ்சு மாசமான்னு தங்கமணி கேட்டாச்சு. "வீட்டுல சாப்பிடற தட்டை ஒரு நாளாவது இப்படிக் கழுவியிருக்கீங்களா?"ன்னு அடுத்த கேள்வியும் வந்தாச்சு. அதனால நீங்க புதுசா ஏதாவது கேளுங்க.

இப்ப கொசுவத்தியைச் சுத்த விடறேன். வருஷம் 1988. ஊர் திருநெல்வேலி. எனக்குப் பத்து வயசு.

என் சித்தப்பாவுக்குக் கப்பல்ல இஞ்சின் ரூம் வேலை. பல மாசம் கடல்ல, ரெண்டு மாசம் கரையில. வரும்போது கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், சாக்லேட்டுன்னு தெருவுக்கே பங்கு இருக்கும். அவருக்குன்னு வாங்கிக்கிறது மட்டும் பாட்டுதான். அதுல ஒண்ணு 1983ல லிவர்பூல் துறைமுகத்துல கப்பல் நின்னப்ப வாங்கினது. கறுப்பு உறை. நடுவுல வட்டமா ஓட்டை போட்டு, அது வழியா உள்ளே வெள்ளி நிறம் மின்னும். முன்பக்கத்துல பாட்டுப் பேரு இல்ல, பாடினவங்க பேரும் இல்ல. ஓரத்துல மட்டும் கலர் கலரா கட்டங்கள்.

நியூ ஆர்டர்னு மான்செஸ்டர்க்காரங்க குழு. பாட்டு 'ப்ளூ மண்டே'. எல்.பி. அளவுக்குப் பெரிய தட்டு, ஆனா ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு.

எங்கப்பாவுக்கு ரெண்டு விஷயம் பொறுக்கல. ஒண்ணு, "ஒரு பாட்டுக்கு இம்புட்டுப் பெரிய தட்டா? உன்னை நல்லா ஏமாத்திட்டான்ல!" ரெண்டு, அந்தச் சத்தம். "இது பாட்டால? ரைஸ் மில்லு." சித்தப்பா சிரிச்சுக்கிட்டே இன்னும் கொஞ்சம் வால்யூமை ஏத்துவார்.

அப்பாவோட முதல் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆச்சு. தட்டுல இருக்கிற பள்ளம் நேர்கோடு இல்ல. சத்தத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற கோடு. பேஸ் அதிகமானா வளைவு பெருசாகும், இடம் நிறைய வேணும். ஒரு பக்கத்துல இருபது நிமிஷப் பாட்டை அடைக்கணும்னா கோடுகளை நெருக்கணும், அதனால சத்தத்தையும் பேஸையும் குறைக்கணும். அதே இடத்தை ஒரே பாட்டுக்குக் கொடுத்துட்டா கோடுகள் தாராளமா உக்காரும், அடி வயித்துல இடிக்கிற மாதிரி பேஸ் வரும். டான்ஸ் ஆடறவங்களுக்கு வேற என்ன வேணும்!

இதைக் கண்டுபிடிச்ச கதையும் நல்லாருக்கும். 1970களின் நடுவுல நியூயார்க்ல டாம் மோல்டன்னு ஒருத்தர், டான்ஸ் கிளப்புக்காகப் பாட்டுகளை நீட்டிக் கொடுக்கிறவர். ஒரு நாள் மாதிரித் தட்டு வெட்டப் போனப்ப 7 அங்குலத் தட்டு தீர்ந்து போச்சு. கையில இருந்த பெரிய தட்டுல வெட்டச் சொன்னார். இவ்வளவு இடம் சும்மாக் கிடக்குதேன்னு கோடுகளைப் பரப்பி, சத்தத்தையும் கூட்டி வெட்டினாங்க. கேட்டவங்க அசந்துட்டாங்க. ஸ்டாக் இல்லாததால பிறந்த சமாச்சாரம்! 1976ல கடையில விலைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் பேரு என்ன தெரியுமா? 'டென் பர்சென்ட்'. பேங்க்காரனுக்கு ஏத்த பேரு, வட்டியா கமிஷனான்னுதான் தெரியல :-)

சரி, 1988க்கு வருவோம்.

மே மாசம். சித்தப்பா லீவுல வந்திருந்தார். அன்னிக்குக் காலையில வழக்கமான வாய்ச்சண்டை. "இந்தத் தட்டை ஒரு நாள் ஒடைச்சுப் போடப் போறேன் பாரு"ன்னு அப்பா சொல்லிட்டு ஆபீஸ் போயிட்டார். சித்தப்பா தூத்துக்குடிக்கு ஏதோ வேலையா போனார். அம்மா கொல்லையில துணி துவைச்சுக்கிட்டிருந்தாங்க. நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

தொடக் கூடாதுன்னு சித்தப்பா எனக்கு நூறு தடவை சொல்லியிருந்தார். தட்டை வெச்சேன், சுத்த விட்டேன், ஊசியை இறக்கினேன். டும்... டும்... டுடுடுடுடுடுடுடு. எவ்வளவு சந்தோஷம்! அப்ப கொல்லைக் கதவு சத்தம் கேட்டுச்சு. பயத்துல ஊசியைத் தூக்காம அப்படியே பக்கவாட்டுல இழுத்துட்டேன். சர்ர்ருன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் பல்லுல இருக்கு.

தட்டை உறையில போட்டு, பெட்டியை மூடி, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி மூலையில உக்காந்துட்டேன். மே மாசத்துல என்ன பரீட்சைன்னு யாரும் கேக்கல.

சாயங்காலம் சித்தப்பா வந்து பாட்டைப் போட்டார். டக். டக். டக். ஒரு இடத்துல ஊசி மேல நகராம அதே வரியில நின்னுடுச்சு. கீறல் விழுந்த ரெக்கார்டுன்னு பேச்சுக்குச் சொல்வோமே, அதை நான் நேர்ல பாத்தது அன்னிக்குத்தான். அவர் நேரா அப்பாகிட்ட போனார். "காலையில சொன்னதைச் செஞ்சுட்டீங்க, இல்ல?"ன்னார்.

அப்பா இல்லன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அவரைப் பாத்து ஒருத்தர் அப்படிக் கேட்டதே அவருக்குப் போதும். "ஆமால, நான்தான் செஞ்சேன். இப்ப என்ன?"ன்னார். நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன்.

சித்தப்பா அன்னிக்கு ராத்திரியே கிளம்பிட்டார். தட்டை எடுத்துக்கல. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கல்யாணத்துலயும் சாவுலயும் பாத்துக்கிட்டதோட சரி. ஒரு தட்டாலதான் எல்லாம் ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். வயல் பாகப்பிரிவினை இருந்துது, பேசிப் பேசியே முறுக்கின சொந்தக்காரங்க இருந்தாங்க. ஆனா சித்தப்பா வாயில முதல்ல வர்றது எப்பவும் தட்டுதான். "என் சாமானைக் கீறினவர்"னுதான் சொல்வார். அப்பா 2011ல போயிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு 23 வருஷம் இருந்துது. சொல்லல. அப்பாவுக்கு அன்னிக்கே தெரியுமான்னு கேக்கவும் இல்ல.

நடுவுல ஒரு தடவை இந்தத் தட்டு என்னைப் பிடிச்சு உலுக்குச்சு. பி.காம். படிக்கும்போது கம்ப்யூட்டர் கிளாஸ்ல சார் ஒரு பழைய ஃப்ளாப்பியை நீட்டினார். அஞ்சேகால் அங்குலம், கறுப்பு, நடுவுல வட்டமா ஓட்டை. எனக்குக் கை நடுங்கிடுச்சு. அந்த உறையோட குட்டி! பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அந்த உறையை வடிவமைச்ச பீட்டர் சாவில் வேணும்னே ஃப்ளாப்பி மாதிரிதான் செஞ்சிருக்கார். அந்தக் கலர் கட்டங்கள் ஒரு சங்கேத எழுத்து. குழுவோட பேரும் பாட்டோட பேரும் அதுலதான் இருக்கு.

அந்த உறைக்குத் தனித்தனியா ஓட்டை வெட்டறது செலவு பிடிச்ச வேலை. விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்குச் சில பென்ஸ் நஷ்டம்னு சொல்வாங்க. எவ்வளவுங்கிறதுக்கு ஆளுக்கொரு கணக்கு. அந்தத் தட்டோ லட்சக்கணக்குல வித்துது. அப்புறம்தான் முழிச்சுக்கிட்டு சாதா உறைக்கு மாறினாங்க. காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியார் கேட்டிருந்தா மயக்கம் போட்டிருப்பார். அந்தக் கம்பெனி 1992ல திவாலாயிடுச்சு. இந்த ஒரு உறையால இல்ல, அவங்களோட மொத்தக் கணக்கு வழக்கே அந்த லட்சணம்.

2023ல ஊர் வீட்டைக் காலி பண்ணினோம். பரண்ல, பித்தளை அண்டாவுக்கு அடியில, செய்தித்தாள் சுத்தி சணல் கட்டின ஒரு சதுரம். தேதி பாத்தேன். 1988 ஜூன். முடிச்சு அப்பா போட்ட முடிச்சு, எனக்குத் தெரியும். ரைஸ் மில்லுன்னு திட்டின மனுஷன் அதைத் தூக்கி எறியல. ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சுக் கட்டியிருந்தார். அந்த அண்டாவை யார் ஏத்தி வெச்சாங்களோ.

நெல்லை எக்ஸ்பிரஸ், அப்புறம் கோரமண்டல். ரெண்டு ராத்திரி தலகாணி உறைக்குள்ள வெச்சு மடியிலயே கொண்டு வந்தேன். கொல்கத்தாவுல பிரிச்சுப் பாத்தா மூணு குறை தெரிஞ்சுது. மேல வெள்ளை வெள்ளையா பூஞ்சை. கொஞ்சம் வளைஞ்சு போயிருந்துது. மூணாவது, நான் போட்டது. வெளியில இருந்து உள்ள வரைக்கும் ஒரே இழுப்பு.

எடுத்து வெச்சேனே தவிர, தொட மனசு வரல. போன மழைக்காலத்துலதான் ஆரம்பிச்சேன். முதல்ல ப்ளேயர் வேணுமே. இங்க மிர்சா காலிப் தெருன்னு ஒண்ணு, ஜனங்க இன்னும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டுன்னுதான் சொல்றாங்க. பழைய ரெக்கார்டு கடைகள் இருக்கு. ஒரு பெரியவர் என் தட்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தார். "தாதா, அழுக்கு வேற, காயம் வேற. முதல்ல அதைப் பிரிச்சுப் பாக்கணும்"னார். (நம்ம ஊர்ல தாதான்னா ரவுடி, இங்க அண்ணன்.) செகண்ட் ஹேண்ட் ப்ளேயர் ஒண்ணை அவரே கொடுத்தார். ஊசியை மட்டும் புதுசா வாங்கச் சொன்னார். தேய்ஞ்ச ஊசி நல்ல தட்டையும் உழுதுடுமாம்.

கழுவற முறையைக் கேட்டுக்கோங்க, உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது இருக்கலாம். குழாய்த் தண்ணி வேண்டாம். அதுல இருக்கிற உப்பு பள்ளத்துலயே தங்கிடும். டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவற திரவம் ரெண்டு சொட்டு. நடுவுல இருக்கிற லேபிள் நனையக் கூடாது. நான் சம்படத்தோட மூடியைக் கவுத்து வெச்சுக்கிட்டேன். மெல்லிசான பிரஷ்ஷால பள்ளம் போற வட்டத்துலயே தேய்க்கணும், குறுக்கால கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு தடவை அலசி, தட்டு ஸ்டாண்டுல நிக்க வெச்சுக் காய விடணும். முக்கியமான விஷயம், தாத்தா காலத்து 78 சுத்துத் தட்டுக்கு ஆல்கஹால் ஆகவே ஆகாது. அது அரக்கு, கரைஞ்சுடும்.

முதல் தடவை கழுவின தண்ணி காபி டிகாஷன் மாதிரி வந்துது. நாலாவது தடவைதான் தெளிஞ்சுது. பூஞ்சை முழுக்கப் போயிடுச்சு.

வளைவுக்குச் சிலர் வெயில்ல வைப்பாங்க. எனக்குத் தைரியம் வரல. வினைல் சூட்டுல இளகிட்டா பள்ளமும் போச்சு. ரெண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவுல வெச்சு, மேல என்னோட பழைய சி.ஏ.ஐ.ஐ.பி. புத்தகங்களை அடுக்கினேன். அந்தப் புத்தகங்களோட கனம் பரீட்சையில எனக்கு உதவினதைவிட இங்க அதிகமா உதவிச்சு. ஆறு வாரத்துல முக்கால்வாசி சரியாச்சு. மிச்சத்துல ஊசி மெல்ல ஏறி இறங்கிப் போகும், பாதகமில்ல.

கீறலுக்குத்தான் மருந்து இல்ல. நகைக்கடன் அப்ரைசர்கிட்ட லென்ஸைக் கடன் வாங்கிப் பாத்தேன். பத்து மடங்கு பெருசா, நான் பத்து வயசுல செஞ்சது தெரிஞ்சுது. பள்ளத்தோட சுவர் வரிசையா உடைஞ்சிருந்துது. ஊசி நின்ன இடத்துல மட்டும் ஒரு பிசிறு பள்ளத்தை அடைச்சிருந்துது. மரப் பல்குச்சியால ரொம்ப மெதுவா அதை ஒதுக்கினேன். மூணு ராத்திரி வேலை. மூணாவது ராத்திரி ஊசி அந்த இடத்தைத் தாண்டிப் போச்சு.

ஏழரை நிமிஷம் முழுசாக் கேட்டேன். 1988க்கு அப்புறம் முதல் தடவை.

அந்தப் பாட்டுல ரெண்டு நிமிஷத்துக்குக் குரலே வராது. டிரம் மிஷின் அடிக்கும், அது மேல ஒவ்வொரு சத்தமா வந்து உக்காரும். குரல் வரும்போது அழுகையும் இல்ல, கோபமும் இல்ல. தன்னை நோகடிச்ச ஆளை நிதானமா விசாரிக்கிற குரல். இந்தக் குழு முன்னாடி ஜாய் டிவிஷன்னு இருந்துது. அவங்க பாடகர் இயன் கர்டிஸ் 1980ல தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். மிச்சம் இருந்தவங்க பேரை மாத்தி, புதுசா ஒருத்தரைச் சேர்த்து, மூணு வருஷத்துல இந்த இடத்துக்கு வந்தாங்க. அந்தப் புது ஆள் கில்லியன் கில்பர்ட். மெஷின்ல ஸ்வரங்களை ஒவ்வொண்ணா ஏத்தினது அவங்க. அதுல ஒரு ஸ்வரத்தை விட்டுட்டேன்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. அதனால மெட்டு தாளத்தைவிட்டுக் கொஞ்சம் விலகியே ஓடும். டேலி ஆகாத கணக்கு! அதை அப்படியே விட்டாங்க. இன்னிக்கு அந்த விலகல் இல்லாம அந்தப் பாட்டை நினைக்க முடியாது.

கூடவே என்னோட டக். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக்.

மக பிளஸ் ஒன் படிக்கிறா. பாட்டை லேப்டாப்ல பதிவு பண்ணிக் கொடுத்தா. "அப்பா, இந்த டக் டக்கை எடுத்துடவா?"ன்னு கேட்டு, ஆடாசிட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல ஏதோ தட்டினா. ரெண்டே நிமிஷம். கீறல் காணாமப் போச்சு. 1988 மே மாசமே நடக்காத மாதிரி இருந்துது.

உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு ஆசை வந்துடுச்சு. சித்தப்பா தூத்துக்குடியில இருக்கார், 72 வயசு, வாட்ஸ்அப் பாப்பார். இந்தச் சுத்தமான பாட்டை அனுப்பி, "தட்டு கிடைச்சுது, பாருங்க, ஒண்ணுமே ஆகல"ன்னு சொல்லிடலாமே. அவரும் சந்தோஷப்படுவார். செத்துப் போன அப்பா மேல இருக்கிற பழியும் போகும். என் பேரும் வராது. மூணு பக்கமும் லாபம்.

ரெண்டு நாள் அந்த ஃபைலை வெச்சுக்கிட்டு சுத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க பழைய மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்துது. லெட்ஜர்ல தப்பா ஒரு என்ட்ரி விழுந்துட்டா அழிக்காதே, வெள்ளை பூசாதே. அது அப்படியே தெரியட்டும். கீழ திருத்தப் பதிவு போட்டு, உன் கையெழுத்தைப் போடு. அழிச்சு எழுதின கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும் அதை எவனும் நம்ப மாட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். டக் டக்கோட இருக்கிற பதிவை முந்தின நாளே அனுப்பியிருந்தேன்.

"கேட்டேம்ல. எங்க இருந்துது அது?"

பரண், செய்தித்தாள், அப்பாவோட முடிச்சு எல்லாம் சொன்னேன். அப்புறம், "சித்தப்பா, அதைக் கீறினது அப்பா இல்ல. நான்தான்"னு சொன்னேன். ஒத்திகை பாத்து வெச்சிருந்த மத்த வார்த்தை எதுவும் வரல.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு காதுல இருந்து எடுத்துப் பாத்தேன். ஓடிக்கிட்டுதான் இருந்துது.

"அப்ப அண்ணன் ஏம்ல தான்தான்னு சொன்னாவ?"

"தெரியல சித்தப்பா."

"நான் அவ்வோளை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுல்லா."

அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அவர் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. பரவாயில்லன்னு அவர் சொல்லல. சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஊசி என்ன போட்டிருக்க?"ன்னார்.

சொன்னேன். நீள்வட்ட முனை, ரெண்டு கிராம் அழுத்தம்.

"ரெண்டு கிராமா? நான் எட்டணாவை அந்தக் கை மேல ஒட்டி வெச்சுல்ல ஓட்டுனேன். நீ ஒருத்தன்தான் கெடுத்தேன்னு நினைக்காத. பாதி பள்ளத்த நானே உழுதிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "பொங்கலுக்கு வருவல்லா? தட்டையும் கொண்டா. போன்ல பேஸே கேக்க மாட்டேங்கு"ன்னார்.

வர்றேன்னு சொல்லியிருக்கேன். ப்ளேயரையும் தூக்கிக்கிட்டு ரெண்டு ரயில் மாறணும்னு தங்கமணிகிட்ட இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க.